முன்வாசல் தெரியாத பதினோரு ஓட்டல்கள்

விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு, இருபத்திரண்டு கட்டு வாழையிலையோடு, அயனம்பாக்கம் வீரராகவன் அம்பத்தூர் ஸ்டேஷனில் பட்டணம் வண்டி ஏறுவார். பத்து வருஷமாக இதே வண்டி. பட்டணத்தில் தள்ளுவண்டி தசரதன் காத்திருப்பான். பதினோரு ஓட்டல்கள், ஓட்டலுக்கு இரண்டு கட்டு. இலையை இறக்கிவிட்டுப் பகல் வண்டியில் திரும்பி, ஏரிக்கரை வழியாக ஊருக்குள் நுழையும்போது அவர் வெறும் வாழைத் தோட்டக்காரர் இல்லை. பட்டணத்துச் சாப்பாட்டைக் கரைத்துக் குடித்தவர்.

"பார்க் டவுன்ல ஒரு ஓட்டல் கீது. ரசம் ஊத்தினா தெருக்கோடி வரைக்கும் மணக்கும்" என்பார். "மிண்ட் தெருவாண்ட இன்னொண்ணு. அங்க வத்தக்கொழம்பு சாப்ட்டவன் இலையை மடிக்கவே மாட்டான். வழிச்சு எடுத்துட்டுத்தான் எழுந்திருப்பான்."

இதில் பொய் எதுவும் இல்லை. எந்த ஓட்டலில் சாப்பாடு நல்லது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். பின்பக்கம் வந்து விழும் எச்சில் இலையே அவருக்குச் சொல்லிவிடும். துடைத்ததுபோல் வந்து விழுந்தால் முதல் தரம். கூட்டு மட்டும் மிஞ்சியிருந்தால் இரண்டாம் தரம். சோறே மிஞ்சியிருந்தால் அந்த ஓட்டல் இன்னும் ஆறு மாதம்தான். அவர் கணக்கு தப்பியதே இல்லை.

ஊரில் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. பதினோரு ஓட்டல்களில் ஒன்றில்கூட அவர் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. ஒரு கவளம் சாப்பிட்டதும் இல்லை. கண்ணாடி மாட்டிய கூடத்தில், நாற்காலியில், பத்துப் பேர் பார்க்க உட்கார அவருக்குக் கூச்சம். மனைவி சாமுண்டீஸ்வரி கட்டிக் கொடுக்கும் தூக்குச் சோற்றைப் பதினோராவது ஓட்டலின் கிணற்றடியில், துவைகல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார். தூக்கைக் கழுவிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடப்பார்.

வீட்டில் பேச்சு வேறு.

"இன்னாடி கொழம்பு இது? பட்ணத்துல இதை மாட்டுக்குக்கூட ஊத்த மாட்டான்."

"அப்ப காலைல குடுத்தனுப்பற சோத்தை இன்னா பண்றே மாமா?"

"அதை வண்டிக்காரன் தசரதனுக்குக் குடுத்துடறேன். பாவம், அவனுக்கு நல்ல ருசி தெரியாது."

"தூக்கு பளபளன்னு வருதே."

"அவன் சுத்தக்காரன்."

சாமுண்டீஸ்வரி அதற்குமேல் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருப்பதை வீரராகவன் தோல்வி என்று எடுத்துக்கொண்டார். பத்து வருஷமாக அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

1939ஆம் வருஷம் மாட்டுப் பொங்கலன்று குத்தம்பாக்கத்திலிருந்து சகலை உலகநாதன் மனைவியோடு வந்து இறங்கினார். மனைவி தாட்சாயிணி, சாமுண்டீஸ்வரியின் அக்கா. உலகநாதன் குத்தம்பாக்கத்தில் எந்த வீட்டு விருந்தையும் விடாதவர். எந்த விருந்தையும் நன்றாக இருந்தது என்று சொல்லாதவர். மறுநாள் காணும் பொங்கல். சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் பட்டணம் போய் உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சிசாலையில் புலியையும் செத்த காலேஜ் என்ற மியூசியத்தில் எலும்பையும் பார்த்துவிட்டு வரும் நாள்.

"சகலை, நாங்களும் பட்ணம் போறோம்" என்றார் உலகநாதன். "புலி கெடக்குது. நீ சொல்றியே அந்த ஓட்டலு, அதைக் காட்டு."

வீரராகவனுக்கு வாயிலிருந்த கரும்பு இனிக்காமல் போயிற்று.

"நாளைக்குக் கூட்டமா இருக்கும் சகலை."

"கூட்டம் இருந்தாத்தானே நல்ல ஓட்டலு?"

"பொம்பளைங்களை இட்டுகினு ஓட்டலுக்கா?"

"பொம்பளைங்களுக்குத் தனி ரூம் கீதுன்னு நீதானே மாமா சொன்னே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. சாமுண்டீஸ்வரி பொங்கல் பானையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அக்கா முன்னாடியே சொல்றேன். நாளைக்கு நீ நல்ல ஓட்டலா ஒண்ணுல எங்களைக் குந்தவெச்சு சோறு போட்டுட்டா, ஆயுசுக்கும் என் கொழம்பை இன்னா திட்டினாலும் நான் வாய் தொறக்க மாட்டேன். போடலேன்னா, நான் கேக்கறது ஒண்ணு நீ செய்யணும்."

"இன்னா கேப்பே?"

"அப்ப சொல்றேன்."

சகலை பார்த்துக்கொண்டிருந்தார். சகலை பார்க்கும்போது பின்வாங்க முடியாது. "சரி" என்றார் வீரராகவன்.

"அப்ப நாளைக்கு இலை?"

"நாளைக்கு லீவு."

"லீவுன்னு ஓட்டலுங்களாண்ட சொன்னியா?"

"ஒரு நாள் இலை போவலேன்னா பட்ணம் முழுகிடுமா?"

சாமுண்டீஸ்வரி சிரித்தாள். அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். சட்டை மடித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை பிள்ளைகளைப் பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் விட்டுவிட்டு நான்கு பேரும் வண்டி ஏறினார்கள். வீரராகவன் வெள்ளை ஜிப்பாவும் அங்கவஸ்திரமுமாக இருந்தார். கையில் இலைக்கட்டு இல்லாததால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சாமுண்டீஸ்வரியின் கக்கத்தில் பழைய புடவை சுற்றிய நீளமான மூட்டை ஒன்று இருந்தது. இடுப்பில் ஒரு கூடை.

"இன்னாடி மூட்டை?"

"எங்கனா உக்காரணும்னா வேணாமா?"

"கூடை?"

"வெத்தலை பாக்கு."

அவர் நம்பினார். அன்றைக்கு அவர் மனமெல்லாம் முன்வாசல்களில் இருந்தது.

உயிர் காலேஜில் புலி தூங்கிக்கொண்டிருந்தது. எழும்பூர் செத்த காலேஜில் திமிங்கல எலும்பின் கீழ் உலகநாதன் வெகுநேரம் நின்றார். "இம்மாம் பெரிசா? யாரு சாப்ட்டு எலும்பை மட்டும் வெச்சுட்டுப் போனது?" என்று கேட்டார். அவருக்குப் பசி வந்துவிட்டது என்று எல்லோருக்கும் புரிந்தது.

டிராம் பிடித்துப் பார்க் டவுன் வந்து இறங்கினார்கள். வீரராகவன் தெருவின் நடுவில் நின்று இடமும் வலமும் பார்த்தார்.

பத்து வருஷம் வந்த இடம். ஆனால் இந்தத் தெருவை அவர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த பார்க் டவுன் வேறு. அதில் சந்துகள் இருந்தன. சாக்கடை இருந்தது. ரசம் மணக்கும் ஓட்டலுக்கு அடையாளம் ஒரு முருங்கை மரமும் நீலத் தகரம் அடித்த கதவும். இங்கே மரமும் இல்லை, தகரமும் இல்லை. வரிசையாகப் போர்டுகள், கண்ணாடிக் கதவுகள், பூ வைத்த மேஜைகள்.

"எது சகலை?"

"இதுதான்..." என்று கையைத் தூக்கினார். அது சைக்கிள் கடை. கையை இறக்கினார்.

எதிரே குடையோடு வந்த ஒருவரை நிறுத்தினார். "ஐயா, பின்னாடி முருங்கை மரம் இருக்குமே, அந்த ஓட்டல் எது?"

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முருங்கைக்காய் வேணும்னா மார்க்கெட்டுக்குப் போங்கோ."

"நீங்க இங்கயே நில்லுங்க. நான் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்" என்று வீரராகவன் பக்கத்துச் சந்தில் ஓடினார். உள்ளே நுழைந்ததும் உயிர் வந்தது. சாக்கடை, பூனை, முருங்கை மரம், நீலத் தகரம் எல்லாம் அவை அவை இருந்த இடத்தில் இருந்தன. சந்து முனையிலிருந்து எண்ணினார். எட்டாவது கதவு. திரும்பி ஓடிவந்து தெருவில் முன்பக்கமாக எண்ணினார். எட்டாவது வாசலுக்கு எல்லோரையும் அழைத்துக்கொண்டு கம்பீரமாக உள்ளே போனார்.

பெஞ்சு போட்டிருந்தது. பத்துப் பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"அமைதியான ஓட்டலு" என்றார் உலகநாதன், மரியாதையாக.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வந்தார். "யாருக்கு?"

"நாலு பேருக்கும்" என்றார் வீரராகவன்.

"நாலு பேருக்குமா? எத்தனை நாளா?"

"காலையிலேர்ந்து."

"வாந்தி உண்டா?"

"இன்னும் சாப்பிடவே இல்லையே சாமி."

"சாப்பிடாம இருக்கறதுதான் நல்லது. நாக்கை நீட்டுங்க."

உலகநாதன் நாக்கை நீட்டினார். பட்டணத்து ஓட்டலில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று அவர் நினைத்துவிட்டார். சாமுண்டீஸ்வரிதான் சுவரிலிருந்த மருந்துப் புட்டிகளைப் பார்த்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

பின்பக்கம் கதவுக்கு ஒரு வீடு. முன்பக்கமோ இரண்டு வீட்டுக்கு ஒரு வாசலும் உண்டு, ஒரு வீட்டுக்கு மூன்று வாசலும் உண்டு. இது வீரராகவனுக்கு நாற்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது. இன்னும் இரண்டு தடவை சந்துக்கும் தெருவுக்கும் ஓடினார். ஜிப்பா முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். சந்தேகமே இல்லை, அதே ரசத்தின் மணம்.

வாசலில் போர்டு தொங்கியது. எழுத்துக் கூட்டிப் படித்தார். பிராமணர்களுக்கு மட்டும் என்றிருந்தது.

பத்து வருஷமாக அந்த ஓட்டலுக்கு அவர் தோட்டத்து இலை போயிற்று. இலை போகலாம். இலைக்காரர் போகக் கூடாது. பின்வாசலில் யாரும் இந்தப் போர்டை மாட்டவில்லை.

"இன்னா மாமா, போர்டுல இன்னா போட்டுகீது?"

"இன்னிக்கு ரசம் இல்லையாம்" என்றார் வீரராகவன். அன்று அவர் சொன்ன பொய்களில் இதைச் சொல்லும்போதுதான் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மணி ஒன்றரை. உலகநாதன் நடப்பதை நிறுத்தியிருந்தார். "சகலை, நான் ஒண்ணும் சொல்லலை" என்று மூன்று தடவை சொன்னார். தாட்சாயிணி, "குத்தம்பாக்கத்துலயே இருந்திருந்தா இந்நேரம் பழைய சோறாவது..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டாள்.

முன்பக்கம் அடையாளம் தெரியக்கூடியதாக மிச்சமிருந்தது பதினோராவது ஓட்டல் ஒன்றுதான். அதன் சந்து முனையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். பிள்ளையாருக்கு முன்பக்கமும் பின்பக்கமும் தெரியும் என்று வீரராகவன் நம்பினார். நம்பிக்கை வீண்போகவில்லை. ஓட்டல் கிடைத்தது. எல்லோரும் நுழையலாம் என்ற ஓட்டல். தட்டி கட்டிப் பெண்களுக்குத் தனி அறையும் இருந்தது. ஆனால் வாசலில் ஐம்பது பேர் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். கல்லாவிலிருந்த முதலாளி அவர்களைவிட உரக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

"சாப்பாடு ரெடி! சாதம் அண்டா அண்டாவா வடிச்சு வெச்சிருக்கேன்! எதுல போடறது? என் தலைலயா? இலை இல்லையே ஐயா, இலை!"

"தட்டுல போடுங்களேன்" என்றார் ஒருவர்.

"இருக்கறதே ரெண்டு தட்டு. சாவடி மார்க்கெட்டுல பொங்கலுக்கே இலையெல்லாம் பறந்துபோச்சு. அயனம்பாக்கத்தான் ஒருத்தன், பத்து வருஷமா தவறாம போடறவன், அவனை நம்பி இருந்துட்டேன். வருஷத்துலயே பெரிய கூட்டம் இன்னிக்கு. இன்னிக்குப் பார்த்துக் கம்பி நீட்டிட்டான். இந்தத் தெருவுல நாலு ஓட்டல் அவனால மூடிக்கெடக்கு. அந்தப் பாவி மட்டும் எங்கேயோ உக்காந்து வயிறு முட்டத் தின்னுகிட்டிருப்பான்!"

வயிறு ஒட்டிப்போன அந்தப் பாவி அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். முதலாளிக்கு அவரைத் தெரியவில்லை. முதலாளி பின்வாசலுக்கு வந்ததில்லை. அவர் முன்வாசலுக்கு வந்ததில்லை.

உலகநாதன் மெதுவாகத் திரும்பினார். "அயனம்பாக்கத்தான்னா..."

"அயனம்பாக்கத்துல ஆயிரம் பேரு கீறாங்க சகலை."

அப்போது சாமுண்டீஸ்வரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். கக்கத்திலிருந்த மூட்டையைக் கல்லா மேஜைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். பழைய புடவைக்குள் பச்சைப் பசேலென்று ஒரு கட்டு நுனி இலை.

"நாப்பது இருக்கும்" என்றாள். "ரெண்டு பொம்பளைங்க கீறோம். மொதல்ல எங்களுக்குப் போடு."

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். "தாயே! உள்ள வா தாயே! டேய், அம்மாவுக்கு ரூமைத் திற! ரெண்டு அப்பளமா போடு!"

அக்காவும் தங்கையும் தட்டிக்குப் பின்னால் மறைந்தார்கள். வீரராகவன் கூடவே ஓர் அடி எடுத்துவைத்தார். முதலாளி கையை நீட்டித் தடுத்தார். "ஆம்பளைங்க வரிசைல வாங்க."

"நான் அந்த அம்மா புருஷன்."

"இங்க நிக்கற ஐம்பது பேரும் இப்ப அதைத்தான் சொல்லுவான். வரிசை, வரிசை."

வரிசையில் அவர்களுக்கு முன்னால் நாற்பத்தேழு பேர் இருந்தார்கள். வீரராகவன் எண்ணிப் பார்த்தார். இலையில் இரண்டு போக முப்பத்தெட்டு. மறுபடி எண்ணினார். தட்டிக்குப் பின்னாலிருந்து சிரிப்புக் கேட்டது. அப்பளம் நொறுங்கும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று யாரோ சொல்வது கேட்டது. உலகநாதன் கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது ஆள் உள்ளே போனதும் கதவு சாத்தப்பட்டது.

"சகலை" என்றார் உலகநாதன். குரலில் இப்போது கோபம்கூட இல்லை. "எங்கனா உக்காரணும்."

உட்கார வீரராகவனுக்குப் பட்டணத்தில் ஓர் இடம்தான் தெரியும். சந்து வழியாக அழைத்துப் போனார். கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும் சின்னப்பையன் குந்தியிருந்தான். பெயர்தான் சின்னப்பையன், தலை முழுக்க நரைத்தவன்.

"வா அண்ணாத்தே! இன்னா ஜிப்பா எல்லாம்? காலைலேர்ந்து மொதலாளி உன்னைத் தேடிகினு கீறாரு, அடிக்கறதுக்கு. குந்து குந்து, உன் கல்லு காலியாத்தான் கீது."

"அவரு கல்லா?" என்றார் உலகநாதன்.

"பத்து வருஷமா டெய்லி இங்கதானே அண்ணாத்தே குந்தி சாப்புடும்? ஊட்டுச் சோறு. எனக்கு ஒரு உருண்டை குடுக்கச் சொன்னாக்கூடக் குடுக்காது. அம்மாம் ஆசை அந்தச் சோத்து மேல." சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய், ஒரு கூடையோடு வந்தான். "மறந்தே பூட்டேன். உள்ள சாப்புடறாங்களே ஓர் அம்மா, இலைக்காரரு டெய்லி எங்க குந்துவாருன்னு கேட்டுகினு, அங்க ரெண்டு பேரு வருவாங்க, குடுன்னாங்க."

கூடையில் வெற்றிலை பாக்கு இல்லை. இரண்டு தூக்கு இருந்தது. புளிச்சோறு, காராமணி வடை.

இருவரும் சாப்பிட்டார்கள். ஒரு தூக்கு முடிந்தபிறகுதான் உலகநாதன் வாயைத் திறந்தார். "நல்லா கீது" என்றார். அவர் அப்படிச் சொல்லி வீரராகவன் கேட்டதே இல்லை.

உள்ளேயிருந்து இரண்டு எச்சில் இலைகள் வந்து குப்பையில் விழுந்தன. "உங்க ஊட்டம்மா இலை" என்றான் சின்னப்பையன். வீரராகவன் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தார். சோறு பாதி மிஞ்சியிருந்தது. கூட்டைத் தொட்டதாகவே தெரியவில்லை. முதல் தரம் என்று அவர் ஊரெல்லாம் சொன்ன ஓட்டல்.

சாமுண்டீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள்.

"எப்டி இருந்துது?" என்று கேட்டார்.

"கூட்டம் அதிகம், அவசரத்துல வெந்துகீது. சாம்பார்ல புளிப்பு தூக்கல். பாயசம் பரவாயில்லை. உனக்கு?"

வீரராகவன் யோசித்தார். நன்றாக இருந்தது என்று சொன்னால் பத்து வருஷம் திட்டியது போச்சு. நன்றாக இல்லை என்று சொல்ல சகலை விடமாட்டார். தூக்கு வேறு காலியாக இருந்தது.

"வண்டிக்காரன் தசரதன் வரலை. அதனால நானே..." என்று ஆரம்பித்தார்.

"மாமா" என்றாள் அவள், சாந்தமாக. "போன ஐப்பசில ஒரு நாள் தூக்குச் சோத்துல நான் உப்பே போடலை. தசரதன் தின்ன சோறு அது. மத்தியானம் ஊட்டுக்குள்ள நுழையும்போதே நீ இன்னா கேட்டே?"

வீரராகவனுக்கு நினைவு வந்தது. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "ஏண்டி, ஊட்டுல உப்பு தீர்ந்துபோச்சா?" என்று கேட்டிருந்தார்.

சின்னப்பையன் சத்தம் போட்டுச் சிரித்தான். உலகநாதன் சிரிக்கவில்லை, இரண்டாவது தூக்கின் அடியை வழித்துக்கொண்டிருந்தார்.

சாயங்கால வண்டியில் பெட்டி முழுக்கக் காணும் பொங்கல் ஜனம். எல்லோரும் புலி பார்த்தவர்கள்; பாதிப் பேர் சோறு பார்க்காதவர்கள். அம்பத்தூரில் இறங்கியதும் பிளாட்பாரம் முழுக்க, "இங்க சாப்புட ஏதாவது கெடைக்குமா?" என்ற குரல். கிடைக்காது. ஸ்டேஷன் எதிரில் ஒரு புளியமரமும் காலி மனையும்தான் இருந்தன.

சாமுண்டீஸ்வரி அந்தக் காலி மனையின் முன்னால் நின்றாள்.

"நான் ஒண்ணு கேப்பேன்னு சொன்னேனே மாமா."

"கேளு" என்றார் வீரராகவன். புடவையாக இருக்கும், மிஞ்சினால் ஒரு ஜோடிக் கம்மல் என்று நினைத்தார்.

"இங்க ஒரு கொட்டாய் போட்டுக் குடு. சோறு ஆக்கறதை நான் பாத்துக்கறேன். முன்னாடி ஒரு வாசல், பின்னாடி ஒரு வாசல்."

"பின்னாடி எதுக்குடி?"

"நீ எப்டி வருவே?"

1940ஆம் வருஷம் ஜூன் மாதம் 7ஆம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, அம்பத்தூர் ஸ்டேஷன் எதிரில் சாமுண்டீஸ்வரியின் சாப்பாட்டுக் கடை திறக்கப்பட்டது. அன்றைக்கு வேண்டிய இரண்டு கட்டு இலையை வீரராகவன் பின்வாசலில் இறக்கினார்.